கைப்புக்குக் கூட்டு

உப்புவெளி லொட்ஜில் பகலுக்கு நான்,
இரவுக்கு நௌசாத்.
அடுப்பு ஒன்று, கத்தி ஒன்று.
ஆறு மணிக்கு சைக்கிள் பூட்டுமிடத்தில்
அவன் வர நான் போவேன்.
முகத்தை முழுசாய்ப் பார்த்ததில்லை.

வெள்ளைக்காரர் நாளைக்கு
நாற்பது தோடம்பழம் குடிப்பார்கள்.
பிபிலைத் தோடை, பச்சைத் தோல்.
ஒரு சனிக்கிழமை தோலை வாளியில் போடாமல்
உள்வெள்ளையைக் கரண்டியால் வழித்து
தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் தகரத்தில் பரப்பினேன்.
காகத்துக்குக் காவலாய்க் கிழிந்த நுளம்பு வலை.
எறிய மனமில்லாமல் என்று சொன்னால் பொய்;
எத்தனையோ எறிந்தவள்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம்
பழைய செருப்பு வார் போல விறைத்தது.
ஒடித்தால் சடக்கென்றது.
உடனே எங்கிருந்தோ ஒரு முழுத் தோட்டம்
மூக்குக்குள் ஏறி நின்றது.

முதலில் நெத்தலிச் சொதிக்குள் போட்டேன்.
தேங்காய்ப்பால் அதைச் சமாதானப்படுத்தும் என்று
யாரோ சொன்ன மாதிரி ஒரு நம்பிக்கை.
அடுத்த நாள் காலை
ஃபிரிட்ஜ் கதவில் வெண்கட்டி எழுத்து:
“ஜெயசோதி அக்கா, சொதிக்குள்ள என்ன, பெனடோலா?”

கீழே நான் எழுதினேன்:
“கெட்டிக்காரனென்றால் நீர் செய்து காட்டும்.”

காட்டினான்.
மூடி வைத்த கிண்ணத்தில் கணவாய்,
கறுப்பு மிளகு, வறுத்த பெருஞ்சீரகம்,
இறக்கும்போது மட்டும் தூவிய தோல்தூள்.
“தோலில புளி இல்ல அக்கா.
புளி சாறோட வெள்ளைக்காரன் வயித்துக்குப் போயிட்டு.
அதால கொறுக்காய் ஒரு துண்டு.”

அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகு கதவு நிறைந்தது.
கறுவா வேண்டாம்:
இரண்டும் மாப்பிள்ளைத் தோழன்போல
படத்துக்கு முன்னால் வந்து நிற்கின்றன.
ரம்பை, வாசத்தை அமத்துகிறது.
இஞ்சியோடு சரி, பழைய இஞ்சியென்றால் இன்னும் சரி.
மாட்டிறைச்சிக்குக் கராம்பு ஒன்று, ஒன்றே ஒன்று.
பனங்கட்டிப் பாகில் ஊறியது
தேத்தண்ணிக்குக் கடிக்க நல்லது
(இதை முதலாளியின் பெடியன் முழுதும் தின்றுவிட்டான்).
பருப்புக்கு?
பருப்புக்கு அவன் ஆம், நான் இல்லை.
அந்த இடம் அழித்து அழித்து வெள்ளையாய்ப் போனது.

ஆவணியில் ஒரு செவ்வாய்
கோட்டில் என் வழக்கு ஐந்தாம் தடவை தள்ளிப்போனது.
அவர் வரவில்லை, அவருடைய லோயர் வந்தார்.
அரை நாள் லீவு முடிந்து வந்து
சூரை மீனுக்கு அடுப்பு மூட்டினேன்.
கை எதை எடுத்ததென்று கண் பார்க்கவில்லை.
வெந்தயமும் விழுந்தது, தோலும் விழுந்தது,
ஒரு சட்டியில் இரண்டு கைப்பு.
ருசி பார்க்காமலே மூடிவிட்டு
சைக்கிளை எடுத்தேன்.

விடிய வந்து பார்த்தால்
சட்டி கழுவிக் கவிழ்த்திருந்தது.
கதவில் ஒரு சொல்லும் இல்லை.
சோற்றுப் பானையும் காலி.

பிறகு வேண்டுமென்றே அதையே செய்து பார்த்தேன்.
இனிப்பைத் தேடி இவ்வளவு நாள் அலைந்திருக்கிறோம்.
வெந்தயத்தின் கைப்பு அடியில் போய் உட்கார,
தோலின் கைப்பு மேலே மிதக்கிறது;
நடுவில் மீனுக்கு
நல்ல அகலமான இடம் கிடைக்கிறது.

ஐப்பசி பிறந்ததும் லொட்ஜை மூடினார்கள்.
பெடியன் மண்ணெண்ணெய்த் துணியால் கதவைத் துடைத்தான்.
ஐந்து மாதம், ஐந்து நிமிடத்தில்.
போத்தலில் மிச்சமிருந்த தோலை
பேப்பரில் இரண்டாய்ப் பிரித்தேன்.
வாடை தொடங்கினால் நமுத்துப்போகும்,
வறுத்த அரிசி ஒரு பிடி
இரண்டு பொட்டலத்துக்குள்ளும் போட்டேன்.

கிண்ணியா பஸ்ஸுக்கு நின்றவன்
பொட்டலத்தை மோந்து பார்த்தான்.
இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு.
இவ்வளவு நாளும் எனக்குத் தெரியாது.

“தயிருக்கு இன்னும் போட்டுப் பாக்கல்ல அக்கா.”

“எருமைத் தயிரென்றால் பார்க்கலாம்,” என்றேன்.
“மூதூர்ச் சட்டி. கடையில் விற்கிற கப் வேண்டாம்.”

மழை தொடங்கிவிட்டது.
பொட்டலத்தைச் சேட்டுக்குள் செருகிக்கொண்டு
அவன் ஓடினான்.